பழைய ஃப்ளாட் வாங்குகிறீர்களா? சாவியோடு அழுக்கும் சேர்ந்து வராமல் இருக்க

2023 ஆவணியில் மடிப்பாக்கத்தில் 13 வருடப் பழைய ஃப்ளாட் ஒன்றை வாங்கினோம். பத்திரப்பதிவு வெள்ளிக்கிழமை நடந்தது. சாவி கைக்கு வந்தது ஒன்பது நாள் கழித்து, ஞாயிறு சாயங்காலம். புதன் விடியற்காலை பால் காய்ச்ச நாள் குறித்திருந்தோம். நடுவில் இரண்டே நாள்.

கதவைத் திறந்து லைட் போட்டேன். ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் தரை நாலு மூலையும் அளந்து வைத்த மாதிரி கறுப்பாக இருந்தது. அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கீழே எண்ணெய் வழிந்து, வழிந்தபடியே உறைந்து, டைல்ஸில் தேன் நிறக் கோடுகளாக நின்றது. பரணில் பதினோரு கோணி மூட்டை. பாத்ரூமில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் வடிய பத்து நிமிடம். என் மாமியார் வாசலிலேயே நின்று, "இதுலயா பால் காய்ச்சப் போறோம்?" என்று கேட்டார்.

விற்றவருக்குப் போன் செய்தேன். அவர் பெங்களூருக்குக் குடி போய்விட்டார். "நாங்க கூட்டிப் பெருக்கிட்டுதாம்மா வந்தோம்" என்றார். ப்ரோக்கர் கமிஷன் வாங்கிய கையோடு போன் எடுப்பதை நிறுத்தியிருந்தார். நாலு வாரம் இழுத்து, கொஞ்சம் பணத்தைத் திரும்ப வாங்கினேன், கொஞ்சம் போனது போனதுதான். அந்த நாலு வாரத்தில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஒரு தனிநபரிடமிருந்து பழைய வீடு அல்லது ஃப்ளாட் வாங்குகிறவர்களுக்கான குறிப்பு இது. பில்டரிடம் புது வீடு வாங்கினால் வழியே வேறு. அங்கே பில்டர்களைக் கட்டுப்படுத்தும் ரெரா சட்டம் இருக்கிறது. கட்டுமானக் குறை என்றால் சுவாதீனம், அதாவது வீட்டை நம் வசம், கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் சொன்னால் பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1. அழுக்கா, சாமானா, பழுதா: முதலில் பிரியுங்கள்

நான் முதல் போனில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினேன். "வீடு நாறுது சார்" என்று ஆரம்பித்து எக்ஸாஸ்ட், பரண், பாத்ரூம், கரண்ட் பில் எல்லாம் ஒரே மூச்சில். அவர் அதில் இருப்பதிலேயே சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஃபேன் துடைக்கிறதுக்கா இவ்வளவு?" என்று முடித்துவிட்டார்.

உண்மையில் இவை மூன்று தனித்தனி விஷயங்கள். எண்ணெய்ப் பிசுக்கு, கறை, தூசி, புறா எச்சம் எல்லாம் அழுக்கு. பரண் மூட்டை, உடைந்த கட்டில், பழைய இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் விட்டுப்போன சாமான். அடைத்த குழாய், ஒழுகும் ஃப்ளஷ் டேங்க், அலமாரிக்குப் பின்னால் கரையான் எல்லாம் பழுது.

பிரிப்பதற்குக் காரணம் உண்டு. சொத்து மாற்றச் சட்டம் என்று 1882-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 55-வது பிரிவு விற்பவரின் கடமைகளைச் சொல்கிறது. தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளைச் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து ஒப்படைக்கும் நாள் வரை, பொறுப்புள்ள சொந்தக்காரர் பார்த்துக்கொள்வது போலச் சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்பனை நாள் வரைக்குமான வரி போன்ற பொதுக் கட்டணங்களை அவர்தான் கட்ட வேண்டும். ஆனால் "துடைத்துக் கொடு" என்று அந்தப் பிரிவில் ஒரு வரி கிடையாது. மறைந்திருந்த பெரிய பழுதுக்குச் சட்டம் ஓரளவு துணைக்கு வரும். வெறும் அழுக்குக்கு, நீங்கள் எழுதி வாங்கிய ஒப்பந்தம் மட்டும்தான் துணை.

2. அட்வான்ஸ் கொடுக்கும் முன்: ஒப்பந்தத்தில் ஒரு பத்தி

கிரய ஒப்பந்தத்தை நாம் எப்படிப் படிக்கிறோம்? விலை, அட்வான்ஸ், கெடு தேதி, சர்வே எண், பிரிக்கப்படாத பாகம் (நிலத்தில் நம் பங்கு). இது சரியாக இருந்தால் கையெழுத்து. வீடு எந்த நிலையில் கைக்கு வரும் என்று என் ஒப்பந்தத்தில் இருந்தது ஒரே வார்த்தை: "உள்ளது உள்ளபடி". பத்திர எழுத்தர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த மாதிரியிலிருந்து வந்த வார்த்தை அது. அதைக் காட்டித்தான் விற்றவர் பிறகு என்னை மடக்கினார். "உள்ளபடிதானேம்மா வாங்கினீங்க?"

அந்த வார்த்தையைக் கண்டால் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால், அதற்குக் கீழே இப்படி ஒரு பத்தி சேருங்கள்:

"பதிவு நாளுக்கு முன் விற்பவர் வீட்டை முழுவதும் காலி செய்து, பரண், அலமாரி, பால்கனி, கார் நிறுத்துமிடம் உட்பட எங்கும் சாமானோ குப்பையோ இல்லாமல், கூட்டித் துடைத்து, சமையலறை கழிவறைகளைச் சுத்தம் செய்து, வடிகால்கள் அடைப்பின்றி ஒப்படைக்க வேண்டும். குறை இருப்பின் வாங்குபவர் 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விற்பவர் அடுத்த 7 நாளுக்குள் சரிசெய்யத் தவறினால், ரசீதின்படியான செலவை ரூ. 25,000 வரை வாங்குபவருக்குத் தர வேண்டும்."

தொகையை உங்கள் வீட்டின் அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். உச்சவரம்பு எழுதினால் விற்பவர் பயப்படாமல் ஒத்துக்கொள்வார். வரம்பே இல்லாமல் எழுதினால், சுவருக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்வீர்களோ என்று பின்வாங்குவார்.

கூடவே இன்னொரு பட்டியல். எது வீட்டோடு இருக்கும், எது அவரோடு போகும்? ஃபேன், கீசர், ஏசி, சிம்னி, திரைச்சீலைக் கம்பி, வாட்டர் ஃபில்டர், கேட்டில் மாட்டிய விளக்கு வரை எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த வீட்டில் ஹால் ஃபேன் இருந்த இடத்தில் கொக்கியும் இரண்டு ஒயரும்தான் தொங்கின. "வீட்டோடு தருகிறேன்" என்று ஒருவரும், "வீட்டை மட்டும் தருகிறேன்" என்று இன்னொருவரும் புரிந்துகொண்டதால் வந்த வினை.

தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது 2012 முதல் சட்டம். பலர் செலவுக்குப் பயந்து செய்வதில்லை. உங்கள் விஷயத்தில் எது நல்லது என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படிப் போட்டாலும் இந்தப் பத்தியைச் சேர்க்கத் தனிச் செலவு எதுவும் இல்லை.

3. பதிவுக்கு முந்தைய நாள் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள்

மூன்று மாதத்துக்கு முன்பு பார்த்த வீடு அல்ல, நீங்கள் வாங்கப் போகும் வீடு. முன்பு பார்த்தபோது சோபா, கட்டில், பீரோ எல்லாம் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. காலியான பிறகுதான் வீட்டின் முகம் தெரியும்.

போகும்போது டார்ச் லைட், ஒரு ஸ்டூல், ஒரு வாளி எடுத்துப் போங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். ஒரு மணி நேரம் போதும். பாத்ரூம், கிச்சன் சிங்க், பால்கனி என்று தண்ணீர் போகும் ஒவ்வொரு துளையிலும் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். ஃப்ளஷ் அழுத்துங்கள். ஸ்டூல் போட்டு ஏறிப் பரணை உள்பக்கம் வரை டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே நின்று பார்த்தால் முன்னால் உள்ள ஒரு அடிதான் தெரியும். சிங்க் அடி அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். மர அலமாரியை விரலால் தட்டுங்கள், பொள்ளென்று கேட்டால் கரையான் தின்றிருக்க வாய்ப்பு உண்டு. பாத்ரூம் ஜன்னலுக்கு வெளியே குழாய்கள் இறங்கும் இடைவெளியான டக்டையும் எட்டிப் பாருங்கள். புறா எச்சம் அங்கேதான் முழங்கால் உயரத்துக்கு இருக்கும்.

அசோசியேஷன் செயலாளரிடம் இரண்டு கேள்வி. ஒன்று, இந்த வீட்டுக்கு மெயின்டனன்ஸ் பாக்கி உண்டா? இல்லை என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு, சம்ப், மேல் தொட்டி கடைசியாக எப்போது கழுவினார்கள்? தொட்டி அழுக்குக்கு விற்றவரைக் குற்றம் சொல்ல முடியாது. அது எல்லாருடைய தொட்டி.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குவது. முகூர்த்தம். ஆடி பிறக்கும் முன் பதிவு முடிக்க வேண்டும், ஆவணி முதல் வெள்ளி நல்ல நாள், மார்கழி வந்தால் குடி போக முடியாது என்று நாள் நம்மைத் துரத்தும். விற்பவருக்கும் ப்ரோக்கருக்கும் அது தெரியும். "மேடம், அதெல்லாம் ஒரு விஷயமா, ரெண்டு ஆள் விட்டா ரெண்டு மணி நேரத்துல பளபளன்னு ஆயிடும்" என்று எனக்குச் சொன்ன ப்ரோக்கரைத்தான் பிறகு போனில் பிடிக்க முடியவில்லை. பதிவு நாளுக்கும் பால் காய்ச்சும் நாளுக்கும் நடுவில் குறைந்தது பத்து நாள் இருக்கும்படி ஜோசியரிடம் கேளுங்கள். இரண்டு தேதி கேட்டால் கொடுக்காத ஜோசியர் இல்லை.

4. பதிவு அலுவலகத்தில்: பணம் அந்தப் பக்கம், சாவி இந்தப் பக்கம்

7 சதவீதம் முத்திரைத்தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம், வக்கீல், பத்திர எழுத்தர், ப்ரோக்கர் என்று லட்சக் கணக்கில் எண்ணி வைக்கிற நாளில் ஐயாயிரம் ரூபாய்த் துப்புரவு வேலை யாருக்கும் நினைவுக்கு வராது. எனக்கும் வரவில்லை. டோக்கன் கூப்பிட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், கைரேகை வைத்தோம், பேங்க் ஆள் டிடியைக் கொடுத்தார். முடிந்தது. "சாமான் கொஞ்சம் இருக்கும்மா, ஒரு வாரத்துல சாவி அனுப்பிடுறேன்" என்றார் விற்றவர். நானும் தலையாட்டினேன்.

என் பத்திரத்திலோ, "சொத்தின் சுவாதீனத்தை இன்றே தங்கள் வசம் ஒப்படைத்துவிட்டேன்" என்று இருந்தது. சாவி இல்லாத சுவாதீனம். பிறகு வக்கீலிடம் காட்டியபோது அவர் அந்த வரியின் கீழ் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

நேரான வழி ஒன்றுதான்: வீடு காலியாகி, நீங்கள் பார்த்து, சாவி மேசைக்கு வந்த பிறகு கையெழுத்து. எத்தனை சாவி, எந்தக் கதவுக்கு, லெட்டர் பாக்ஸ் சாவி, மொட்டை மாடி சாவி, எல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

விற்பவர் உண்மையிலேயே பதிவுக்குப் பிறகு சில நாள் இருக்க வேண்டிய நிலை வரலாம். அவர் போகும் வீட்டுக்கு நீங்கள் தரும் பணம்தான் வேண்டியிருக்கும். அப்போது ஒரு பாதுகாப்பு செக் வாங்குங்கள். விலையை முழுவதும் கொடுத்துவிடுகிறீர்கள். அவர் உங்கள் பெயருக்கு 25,000 அல்லது 50,000 ரூபாய்க்கு ஒரு செக் தருகிறார். கூடவே ஒரு கடிதம்: இன்ன தேதிக்குள் காலி செய்து சுத்தமாக ஒப்படைத்தால் செக் திருப்பித் தரப்படும், தவறினால் ரசீதுப்படியான செலவுக்கு ஈடாகும். செக் எண், தேதி, இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான், அதை மறந்துவிடாதீர்கள்.

பேங்க் லோன் என்றால் டிடியை அதிகாரி நேராக விற்பவர் கையில் கொடுத்துவிடுவார். அதில் நிறுத்தி வைக்க உங்களுக்கு வழியில்லை. உங்கள் சொந்தப் பணத்தில் கடைசித் தவணையை மட்டும் சாவியோடு கோத்து வைக்கலாம். பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதி, மீதியை "சாமான் காசு" என்று தனியாகக் கொடுக்கலாம் என யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளிடம் வேறு எந்த யோசனையும் கேட்காதீர்கள்.

5. சாவி வாங்கிய முதல் ஒரு மணி நேரம்

துடைப்பத்தைத் தொடாதீர்கள். நான் செய்த பெரிய தப்பு இது. கோபத்தில் அன்றைக்கு ராத்திரியே அடுப்படியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். பாதி தேய்த்த பிறகுதான் போட்டோ எடுக்கவில்லையே என்று உறைத்தது.

முதலில் வீடியோ. வாசல் கதவின் வெளியே வீட்டு எண்ணிலிருந்து ஆரம்பித்து, வெட்டாமல், ஒரே ஓட்டமாக எல்லா அறையும். தண்ணீர் வடியாததைப் போட்டோவில் காட்ட முடியாது, வீடியோவில் ஓடவிட்டு எடுங்கள். பிறகு ஒவ்வொரு குறைக்கும் இரண்டு போட்டோ, ஒன்று தூரத்திலிருந்து, ஒன்று கிட்டத்தில். ஈபி மீட்டர் ரீடிங்கைத் தனியாக ஒரு போட்டோ. அந்த ஒரு போட்டோதான் எனக்கு 3,240 ரூபாயைத் திருப்பித் தந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எடுப்பதால், அவர்கள் ஏசி ஓட்டிய பில் நாங்கள் குடி வந்த பிறகு எங்கள் தலையில் விழுந்தது. சாவி வாங்கிய நாள் ரீடிங் என்ன என்று காட்டியதும் அவர் அதற்கு மட்டும் வாதாடவில்லை.

அக்கம்பக்கத்தவர் ஒருவரையோ செயலாளரையோ ஐந்து நிமிடம் உள்ளே கூப்பிட்டுக் காட்டுங்கள். வாட்ச்மேன் வேண்டாம், நாளைக்கு இரண்டு பக்கமும் பேச வேண்டிய சங்கடம் அவருக்கு எதற்கு?

எடுத்ததை எல்லாம் போனிலேயே வையுங்கள், நகல் ஒன்றை வேறு இடத்தில் போடுங்கள். விஷயம் கோர்ட் வரை போனால் எலெக்ட்ரானிக் ஆதாரத்துக்குத் தனிச் சான்றிதழ் கேட்பார்கள். அப்போது எடுத்த போனும் மூலப் பதிவும் இருந்தால் வேலை சுலபம். வாட்ஸ்அப் உரையாடலை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள், அவர் உங்களைத் திட்டியிருந்தாலும்.

6. விற்றவருக்கு எழுதுவது எப்படி

போனில் பேசுங்கள், ஆனால் பேசி முடித்ததும் பேசியதை எழுதி அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் அனுப்பிவிட்டால் நல்லது. ஒரு மாதம் குடியிருந்த பிறகு எழுதினால், "அது நீங்க ஆக்கின அழுக்கு" என்பார்.

நான் மூன்றாவது முறை எழுதியதுதான் வேலை செய்தது. முதல் இரண்டும் புலம்பல். மூன்றாவது இப்படி:

"வணக்கம் சார். ஞாயிறு மாலை சாவி பெற்றோம். வீட்டில் இருந்த நிலையின் வீடியோ, போட்டோ இணைத்திருக்கிறேன். 1. பரணில் 11 மூட்டை, பால்கனியில் ஒரு கட்டில். 2. பொது பாத்ரூமில் தண்ணீர் வடியவில்லை. 3. சமையலறை, எக்ஸாஸ்ட் சுத்தம் செய்யப்படவில்லை. 4. ஈபி ரீடிங் போட்டோ உள்ளது, அதுவரைக்குமான பில் உங்களுடையது. வரும் ஞாயிறுக்குள் நீங்களே ஆள் வைத்துச் சரிசெய்யலாம், அல்லது நான் செய்து ரசீது அனுப்புகிறேன். எது வசதி என்று வெள்ளிக்குள் சொல்லுங்கள்."

இதில் கோபம் இல்லை. இரண்டு வழியும் ஒரு தேதியும் இருக்கின்றன. "நீங்களே செய்யலாம்" என்ற வாய்ப்பைக் கொடுத்தது முக்கியம். கொடுக்காமல் நேராகப் பில் அனுப்பினால், "என்கிட்ட சொல்லியிருந்தா ஐநூறு ரூபாய்ல முடிச்சிருப்பேன்" என்ற பதில் வரும், அது கொஞ்சம் நியாயமாகவும் இருக்கும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அசோசியேஷன் குழுவிலும் அவர் பெயரைப் போட்டு எழுத வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். ஊர் முன்னால் மானம் போன பிறகு எவரும் பணம் தருவதில்லை.

7. விட்டுப்போன சாமானைத் தூக்கிப் போடும் முன்

அது குப்பையாகத் தெரிந்தாலும் அவருடைய குப்பை. தூக்கிப் போட்ட பிறகு, "அதில் அம்மாவின் வெள்ளிக் குத்துவிளக்கு இருந்தது" என்று சொன்னால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். மூட்டைகளைச் சாட்சியோடு பிரித்து, போட்டோ எடுத்து, ஒரு பட்டியல் போட்டு அனுப்புங்கள். 15 நாள் கெடு கொடுங்கள். அதற்குள் எடுக்காவிட்டால் அப்புறப்படுத்துவேன், அதற்கான செலவு உங்களுடையது என்று எழுதுங்கள்.

எங்கள் பதினோரு மூட்டையில் எட்டு, பழைய பேப்பரும் பிளாஸ்டிக்கும். காயலான்கடைக்காரர் 640 ரூபாய் கொடுத்தார். அதைக் கணக்கில் கழித்துத்தான் விற்றவருக்கு அனுப்பினேன். அந்த 640-ஐப் பார்த்த பிறகு அவர் குரலே மாறியது என்று சொல்ல வேண்டும். இரண்டில் கிழிந்த மெத்தையும் தலையணையும். பதினோராவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சில சாமானைக் காயலான்கடையில் போடக் கூடாது. கேஸ் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. விற்றவரிடமோ ஏஜென்சியிடமோதான் போக வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியை பேட்டரிக் கடையில் கொடுங்கள், பழசுக்குக் காசும் உண்டு. பாஸ்புக், பத்திர நகல், ஆஸ்பத்திரி ஃபைல் போன்றவற்றைத் தனிக் கவரில் போட்டு வையுங்கள். உடைந்த சாமி படங்களை எடுத்து வெளியே வைக்க யாருக்கும் கை வராது; நாங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தைப் பக்கத்துக் கோயில் குருக்களிடம் கேட்டு அவர் சொன்னபடி செய்தோம். மெத்தை, கட்டில் மாதிரிப் பெரிய சாமானைத் தெருத் தொட்டியருகில் போடாதீர்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913-க்குப் போன் செய்து எப்படி எடுத்துப் போவார்கள் என்று கேளுங்கள். நான் அவசரத்தில் ஒரு குட்டியானை வண்டி பிடித்து 1,800 ரூபாய் கொடுத்தேன்.

8. ஆள் வைத்துச் சுத்தம் செய்வது: செலவும் எச்சரிக்கையும்

எனக்கு 2023-ல் ஆன செலவு: சுத்தம் செய்யும் குழு 6,500, பிளம்பர் 1,200, குப்பை வண்டி 1,800, பூச்சி மருந்து 2,400, எக்ஸாஸ்ட் ஃபேனும் சிங்க் குழாயும் மாற்ற 2,300, ஈபி 3,240. மொத்தம் 17,440. பிளம்பர் பாத்ரூம் டிராப்பைக் கழற்றி உள்ளேயிருந்து எடுத்தவை: ஒரு கொத்து முடி, நாலு ஷாம்பு பாக்கெட், ஒரு சின்னப் பிள்ளையின் வளையல்.

மூன்று பேரிடம் விலை கேளுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் தேதி, முகவரி, வேலை விவரம் எழுதிய ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத செலவை யாரும் தரமாட்டார்கள். வெறுமனே "கிளீனிங் 6,500" என்று எழுதினால் போதாது. எந்த அறையில் என்ன வேலை என்று இருக்க வேண்டும். உங்கள் ஆசைக்குச் செய்கிற வேலையை இதில் சேர்க்காதீர்கள். நான் முதலில் பூச்சி மருந்தோடு வாசல் கொசுவலையையும் சேர்த்து அனுப்பி மூக்குடைபட்டேன்.

காயாத புறா எச்சத்தை விடக் காய்ந்தது மோசம். அதை அப்படியே பெருக்கினால் தூள் மூச்சில் போய் நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து ஊறவைத்து, முகக்கவசம் போட்டு அள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அன்று வீட்டில் வேண்டாம். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒரே நேரத்தில் ஊற்றக் கூடாது, விஷவாயு வரும். மார்பிள், மொசைக் தரையில் ஆசிட் பட்டால் பளபளப்பு போய்விடும். அந்தச் செலவு விற்றவருடையது ஆகாது.

9. தரமாட்டேன் என்றால்

முதலில் தொகையைப் பாருங்கள். பத்தாயிரம், இருபதாயிரத்துக்கு கோர்ட் படி ஏறினால் ஆட்டோ செலவே அதைத் தாண்டும். ஒப்பந்த மீறலுக்கு நஷ்டஈடு கேட்க 3 வருடக் காலவரம்பு இருக்கிறது, அதனால் இன்றைக்கே ஓட வேண்டியதில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று பலர் சொல்வார்கள். தன் வீட்டைத் தான் விற்கிற தனிநபர் உங்களுக்குச் சேவை வழங்குபவர் அல்ல. அங்கே வழக்கு நிற்பது கஷ்டம். ரெராவும் அப்படியே. போலீஸ் ஸ்டேஷனில், "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள், அது சரியும்கூட.

நடைமுறையில் வேலை செய்பவை இரண்டு. ஒன்று, வக்கீல் நோட்டீஸ். என்னிடம் 2,500 ரூபாய் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் இரண்டாவது படியில் சொன்ன பத்தி இருந்தால் நோட்டீஸுக்குப் பல் இருக்கும், இல்லாவிட்டால் வெறும் காகிதம். இரண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு. கோர்ட் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. எதிர்த் தரப்பு வராவிட்டால் அல்லது ஒத்துக்கொள்ளாவிட்டால் அதோடு நிற்கும். யாரையும் கட்டாயப்படுத்த அங்கே வழியில்லை. எடுத்துப் போக வேண்டியவை: பத்திர நகல், ஒப்பந்த நகல், போட்டோ பிரிண்ட், வாட்ஸ்அப் பிரிண்ட், ரசீதுகள், உங்கள் அடையாள அட்டை நகல்.

மறைத்த பெரிய பழுது என்றால் கதை வேறு. கூரை ஒழுகுவதைப் பெயிண்ட் அடித்து மூடி விற்றிருந்தால், கரையான் கதவு நிலை வரை போயிருந்தால், தயங்காமல் முதலில் வக்கீலைப் பாருங்கள். ஒரு சிவில் இன்ஜினியரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கிவிட்டுத்தான் ரிப்பேரில் கை வைக்க வேண்டும்.

விற்பவராக இதைப் படிப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: காலி செய்த வீட்டை நீங்களும் வீடியோ எடுத்து வையுங்கள். எதிர்ப்பக்கம் எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்ல முடியாது.

10. கணக்கு முடிக்கும்போது

நாலாவது வாரம் விற்றவரே கூப்பிட்டார். ஈபி 3,240 முழுசாகத் தருவதாகச் சொன்னார். மற்றதில் 7,000. பூச்சி மருந்துக்கும் எக்ஸாஸ்டுக்கும் தரமாட்டேன், அது 13 வருடப் பழைய வீடு என்றார். எனக்கு 640 கழித்து 16,800 வர வேண்டும், அவர் தருவது 10,240. ஒரு ராத்திரி யோசித்தேன். உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போட்டது நான்தானே. சரி என்றேன்.

பணம் வாங்கும்போது ரொக்கமாக வாங்காதீர்கள், கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். வந்த பிறகு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: "சுத்தம், சாமான், ஈபி தொடர்பாக ரூ. 10,240 பெற்றுக்கொண்டேன், இவை குறித்து இனி பாக்கி இல்லை." "வீடு தொடர்பாக எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள், நாளைக்கு சொத்து வரி பழைய பாக்கி வந்தால் கேட்க முடியாமல் போகும். அதே வாரத்தில் ஈபி, சொத்து வரி, குடிநீர் வரி மூன்றுக்கும் பெயர் மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். அவர் பெயரில் இருக்கும்வரை அவர் கையெழுத்துக்கு அலைய வேண்டி வரலாம்.

பணம் அனுப்பிய பிறகு அவர் கொஞ்சம் தயங்கி, "அந்த மூட்டைல ஒரு வாக்கர் இருந்துதாம்மா?" என்று கேட்டார். பதினோராவது மூட்டை. அலுமினிய வாக்கர் ஒன்று, இரண்டு நூல் புடவை, மூக்குக்கண்ணாடி, ஒரு ஆஸ்பத்திரி ஃபைல். அவருடைய அம்மாவுடையது. அதை மட்டும் நான் காயலான்கடைக்குப் போடவில்லை. பார்சல் சர்வீஸில் பெங்களூருக்கு அனுப்பினேன். 380 ரூபாய். அதற்கு ரசீது அனுப்பவில்லை.